நான்கு நிமிடங்களில் ஆறு விமானங்கள்: யோர்மா சர்வாந்தோ பற்றிய விவாத இழை

கேள்வி, ஜனவரி 6

1940 ஜனவரி 6 அன்று பின்லாந்து விமானி ஒருவர் தன்னந்தனியாக, நான்கே நிமிடங்களில் ஆறு சோவியத் குண்டுவீச்சு விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இது போர்க்காலப் பிரசாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு விமானத்தை வீழ்த்தவே எத்தனை பாடு! அப்படியிருக்க ஒரே ஆள், ஒரே பயணத்தில் ஆறு விமானங்களை எப்படி வீழ்த்தியிருக்க முடியும்? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜனவரி 6, இரவு

நடந்தது உண்மை. 1939–40-இல் சோவியத்துக்கும் பின்லாந்துக்கும் இடையே நடந்த குளிர்காலப் போரின்போது. அந்த விமானியின் பெயர் யோர்மா சர்வாந்தோ. 1912 ஆகஸ்ட் 22 அன்று துர்க்கு நகரில் பிறந்தவர். அன்று அவர் லெப்டினன்ட். பின்லாந்து விமானப்படையின் 24-ஆம் ஸ்குவாட்ரனைச் (விமானப் பிரிவு) சேர்ந்தவர். ஓட்டியது ஃபோக்கர் டி-21 வகைச் சண்டை விமானம், எண் எஃப்ஆர்-97. குவோப்பியோ நகரின் மீது குண்டு வீசிவிட்டுத் தெற்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த ஏழு சோவியத் டிபி-3 குண்டுவீச்சு விமானங்களை அவர் உட்டி விமானத் தளத்தின் பக்கம் எதிர்கொண்டார். நண்பகல் 12:03 மணிக்குத் தொடங்கிய தாக்குதல் 12:07 மணிக்கு முடிந்தது. ஆறு விமானங்கள் விழுந்தன. ஏழாவதை அவர் துரத்திப் பிடிக்கும்போது தோட்டா தீர்ந்துவிட்டது.

சில கட்டுரைகளில் ஐந்து நிமிடம் என்றும் இருக்கும். ஒரு நிமிட வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

ஜனவரி 7

பிரசாரம் என்ற ஐயத்திற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வான்சண்டைக் கணக்குகள் எல்லா நாட்டிலும் மிகைப்படுத்தப்பட்டவைதான். புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் மறைந்த விமானத்தை வீழ்ந்ததாகவே எழுதிவிடுவார்கள். இருவர் ஒரே விமானத்தைச் சுட்டால் அது இரண்டாகக் கணக்கில் ஏறும். கடலுக்கு மேல் நடந்தால் சரிபார்க்கவும் வழியில்லை. எனவே ஐயப்படுவது தவறில்லை.

ஆனால் இந்த நிகழ்வில் அந்த மூன்று சிக்கல்களும் இல்லை. சுட்டவர் ஒருவர் மட்டுமே என்பதால் இரட்டைக் கணக்குக்கு இடமில்லை. சண்டை பின்லாந்து மண்ணின் மேலேயே நடந்தது. சிதைவுகள் உட்டிக்கும் தெற்கே தவஸ்திலாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் பனிமூடிய காட்டிலும் வயல்வெளியிலும் கிடந்தன. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு கூட்டம் நான்கு நிமிடத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கடக்கும். உட்டியிலிருந்து தவஸ்திலா வரையிலான தொலைவை வரைபடத்தில் அளந்து பாருங்கள். கடிகாரக் கணக்கும் நிலத்தின் கணக்கும் ஏறக்குறையப் பொருந்தி வரும். எனக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை.

வீழ்ந்த விமானமொன்றின் வால் துண்டைச் சர்வாந்தோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அப்போதே பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தது. துண்டில் 5 என்ற எண் தெளிவாகத் தெரியும். அவர் முகத்தில் பெருமிதத்தைவிடக் களைப்பே மிகுதி என்பது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது.

ஜனவரி 7, பின்னிரவு

“ஏழில் ஆறு என்றால், எதிரிகள் திருப்பிச் சுடவே இல்லையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுட்டார்கள். டிபி-3 விமானத்தில் மூவர் குழு இருக்கும். மூக்கிலும் முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலுமாக இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. பின்னாலிருந்து வருபவரை வால்பக்கச் சுடுநர்கள் நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஏழு விமானங்களும் மிக நெருக்கமாக, இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் நான்குமாகப் பறந்தன. ஒருவரை அணுகினால் அடுத்தவரின் துப்பாக்கியும் திரும்பும் என்ற நம்பிக்கையில்தான் அப்படி நெருங்கிப் பறப்பார்கள்.

சர்வாந்தோ செய்தது வரிசையான வேலை. முதலில் சற்றுத் தொலைவிலிருந்து பின்பக்கச் சுடுநர்களை அடக்கினார். பிறகு ஒவ்வொரு விமானத்தையும் மிக நெருங்கி, சில வேளைகளில் இருபது மீட்டர் அளவுக்கு அருகே சென்று, என்ஜினை நோக்கிச் விசையைச் சிறிது சிறிது நேரமே அழுத்திச் சுட்டார். ஃபோக்கரில் பீரங்கி இல்லை. ரைபிள் தோட்டா அளவுள்ள நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. விசையைத் தொடர்ந்து அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் எல்லாம் காலி. ஆறு விமானங்களுக்கு அந்த அரை நிமிடத்தைப் பங்கிட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு ஐந்து நொடிகூடத் தேறாது. நூறு மீட்டரில் சுட்டு வீணாக்கும் வசதி அவருக்கு இல்லை. அந்த நெருக்கத்தை நான் வீரச்செயல் என்பதைவிடக் கணக்கு என்றே படிக்கிறேன்.

ஜனவரி 9

இரண்டு நாட்களாக ஒரு சிறு விஷயம் மனத்தை விட்டு நீங்கவில்லை. உட்டி ஏறத்தாழ 61 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் அங்கே நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஆறேழு பாகைதான் மேலே வரும்; மரங்களின் தலைக்கு மேல் தொங்குவது போல இருக்கும். சண்டை நடந்தது நண்பகலை ஒட்டி. கூட்டம் சென்ற திசை தெற்கு. அப்படியானால் சர்வாந்தோ துரத்திய நான்கு நிமிடமும் சூரியன் அவர் முகத்துக்கு எதிரே இருந்திருக்க வேண்டும். பின்பக்கச் சுடுநர்களுக்கோ சூரியன் முதுகுப் பக்கம். வெளிச்சம் அவர்களுக்குச் சாதகம், அவருக்குப் பாதகம். நேரத்தையும் திசையையும் வைத்து நான் செய்யும் ஊகம் இது. ஆயினும் “எளிய இலக்குகள் கிடைத்துவிட்டன” என்று சிலர் எழுதுவதை ஏற்பதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருடைய விமானமும் துளைகளோடுதான் தரையிறங்கியது.

ஜனவரி 10

ஃபோக்கரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வேலை நிமித்தம் ஒரு குளிர்காலத்தை யுவாஸ்குலாவில் கழித்தபோது, அருகிலுள்ள டிக்கக்கோஸ்கி விமானப்படை அருங்காட்சியகத்தில் எஃப்ஆர்-110 என்ற ஃபோக்கரை நேரில் பார்த்திருக்கிறேன். சர்வாந்தோ ஓட்டிய அதே வகை.

முதலில் கண்ணில் படுவது மடக்க முடியாத சக்கரக் கால்கள். 1939-இல் மற்ற நாடுகளின் புதிய சண்டை விமானங்கள் பறந்தவுடன் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது இரு கால்களையும் தொங்கவிட்டபடியே பறக்கும். உடற்பகுதி எஃகுக் குழாய்ச் சட்டம். அதன் பின்பாதியில் போர்த்தியிருப்பது துணி. இறக்கை மரம். அருகில் நின்று பார்த்தால் துணி சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் இடங்களில் மெல்லிய மேடுகள் வரிசையாகத் தெரியும். விமானியின் இருக்கைக்கும் எதிரியின் தோட்டாவுக்கும் நடுவே இருந்தது அந்தத் துணிதான் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வெளியே வந்து வாகனம் நிறுத்துமிடத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். கையுறையைக் கழற்றிக் கைபேசியில் நேரம் பார்த்த சிறிது நேரத்துக்குள் விரல் நுனிகள் மரத்துவிட்டன. 1939–40 குளிர்காலம் அந்நாட்டிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. அந்தக் குளிரில் தரைப் பணியாளர்கள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் என்ஜினிலிருந்து எண்ணெயை வடித்து எடுத்து, மீண்டும் காய்ச்சி ஊற்றி, என்ஜினின் மேல் கூடாரம் போலத் துணியைப் போர்த்தி, அடியில் சூடேற்றியை வைத்துக் காத்திருப்பார்கள். தோட்டா வாரை அடுக்குவதும் இறுக்கமான திருகுகளைத் திருப்புவதும் பல நேரம் வெறுங்கையால்தான் முடியும். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. நண்பகலில் ஒரு விமானம் உடனே கிளம்ப முடிந்தது என்றால், விடியலுக்கு முன்பே யாரோ அதற்காக விழித்திருந்தார்கள் என்று பொருள்.

ஜனவரி 12

“பின்லாந்துக்காரர்கள் ஜெர்மானியரிடமிருந்து கற்ற உத்திதானே இது?” என்ற கருத்து வந்திருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே மறுக்க விரும்புகிறேன். இந்த இழையின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது.

அக்காலத்தில் பெரும்பாலான விமானப்படைகள் சண்டை விமானங்களை மும்மூன்றாக, அம்புமுனை வடிவில் பறக்கவிட்டன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பக்கத்தில் பறக்கும் இருவரும் தலைவர் மீது மோதிவிடாமல் இருப்பதிலேயே கண்ணும் கவனமும் செலவழிப்பார்கள். வானத்தைப் பார்ப்பது ஒருவர் மட்டுமே. உட்டி தளத்தில் ரிகார்ட் லோரென்ட்ஸ் என்ற அதிகாரியின் தலைமையில் 1930-களின் நடுப்பகுதியிலேயே மூவர் அமைப்பைக் கைவிட்டு, இருவர் இணையையும் இரண்டு இணைகள் சேர்ந்த நால்வர் அமைப்பையும் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இடைவெளி அதிகம்; ஒவ்வொருவரும் மற்றவரின் முதுகைக் காக்கலாம்; எல்லோரும் வானத்தைப் பார்க்கலாம். ஜெர்மானியர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1938 வாக்கில் இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதைவிட, எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு படை வேறு வழியின்றி யோசித்தது என்பதே எனக்கு முக்கியம்.

24-ஆம் ஸ்குவாட்ரனின் தளபதி குஸ்தாவ் மாக்னுசன் 1930-களில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சென்று அங்குள்ள சண்டை விமானப் பிரிவுகளோடு பழகியவர். கற்றுக்கொண்டதைத் தன் நாட்டின் நிலைமைக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். அவர் மிகவும் வற்புறுத்தியது துப்பாக்கிப் பயிற்சி. நெருங்கிச் சுடு, குறி தவறாமல் சுடு, தோட்டாவை மிச்சப்படுத்து. ஏழை நாட்டுக்குத் தோட்டாவும் ஒரு செலவு. சமாதான காலத்தில் அதுவே சட்டம் ஆயிற்று. போர் வந்தபோது அதுவே ஆயுதம் ஆயிற்று.

கல்லூரி நாட்களில் என்.சி.சி.-யில் ரைபிள் சுட்ட அனுபவம் எனக்கு உண்டு. அசையாத தாள் இலக்கு. நானும் தரையில் படுத்திருப்பேன். அப்போதே மூச்சு விடும் அசைவில் குறி விலகும். எங்களுக்குப் பயிற்சி அளித்த சுபேதார், “விசையை இழுப்பது கடைசி வேலை; அதற்கு முந்தைய எல்லா வேலையும் சரியாக இருந்தால் அது தானாக நடக்கும்” என்பார். சர்வாந்தோவின் நான்கு நிமிடத்தைப் படிக்கும்போது அந்தக் குரல் நினைவுக்கு வருகிறது. முந்தைய வேலைகளெல்லாம் உட்டியில் பல ஆண்டுகளாக நடந்து முடிந்திருந்தன.

ஜனவரி 13

ஜனவரி 12 குறிப்பை மீண்டும் படித்துப் பார்த்தேன். பயிற்சியைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்காவிட்டால் படம் முழுமை பெறாது. அந்த ஏழு டிபி-3-களுக்கும் துணையாக ஒரு சண்டை விமானம்கூட வரவில்லை. போரின் முதல் வாரங்களில் சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் அப்படியே, காவலின்றி, பின்லாந்தின் உள்பகுதி வரை வந்து சென்றன. இத்தனை சிறிய விமானப்படையால் என்ன செய்துவிட முடியும் என்ற எண்ணம் மேலிடத்தில் இருந்திருக்கலாம். இரண்டாவதாக, போன வழியிலேயே திரும்பினார்கள். போகும்போது பார்த்தவர்கள் திரும்பும்போது காத்திருந்தார்கள். அதே நாளில் அதே ஸ்குவாட்ரனின் பெர்-எரிக் சோவெலியுஸும் ஒரு டிபி-3-ஐ வீழ்த்தினார் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஃபோக்கரின் பலவீனத்தை மாக்னுசன் நன்றாக அறிந்திருந்தார். சோவியத் ஐ-16 விமானம் அதைவிட வேகமானது, சுழன்று திரும்புவதிலும் வல்லது. எனவே எதிரியின் சண்டை விமானங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், குண்டுவீச்சு விமானங்களைத் தேடுங்கள் என்பதே உத்தரவு. போர் தொடங்கியபோது நாட்டைக் காக்க இருந்த சண்டை விமானங்கள் சுமார் 36 ஃபோக்கர்களும் 10 பழைய புல்டாக்குகளும் மட்டுமே. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தற்பெருமைச் சண்டையிலும் ஒரு விமானத்தை இழந்துவிட முடியாது. ஜனவரி 6 அன்று நடந்தது அந்த உத்தரவின் நேர்ப்பயன்: சரியான இலக்கு, சரியான இடம், சரியான கை.

பிப்ரவரியில் காவல் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு நிலைமை கடினமாயிற்று. பிப்ரவரி 29 அன்று ருவோக்கோலஹ்தியில் பனி உறைந்த ஏரித் தளத்தின் மேல் சோவியத் சண்டை விமானங்கள் திடீரெனப் பாய்ந்தன; பின்லாந்தின் ஐந்து கிளாடியேட்டர் சண்டை விமானங்களும் ஒரு ஃபோக்கரும் ஒரே நாளில் போயின. வெற்றிக் கதையை மட்டும் பகிர்கிறவர்கள் இந்த நாளையும் பகிர வேண்டும்.

ஜனவரி 15

விமானத்தின் இறக்கையில் உள்ள நீல ஸ்வஸ்திகாவைப் பார்த்து ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். அவருடைய கோபத்தை மதிக்கிறேன், விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1918-இல், பின்லாந்து உள்நாட்டுப் போரின்போது, சுவீடன் பிரபு எரிக் ஃபோன் ரோசென் ஒரு விமானத்தை நன்கொடையாகக் கொடுத்தார். மார்ச் 6 அன்று நில்ஸ் கிண்ட்பெர்க் அதை ஓட்டி வர, பிரபு பயணியாக வந்து இறங்கினார். இறக்கையில் அவர் தம் அதிர்ஷ்டக் குறியாக நீல ஸ்வஸ்திகாவை வரைந்திருந்தார். அந்த நாளையே பின்லாந்து விமானப்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது; அந்தக் குறியே அதன் அடையாளமாயிற்று. ஜெர்மன் நாஜிக் கட்சி அப்போது பிறக்கவே இல்லை. 1945-இல் அந்தக் குறி விமானங்களிலிருந்து நீக்கப்பட்டது.

இதோடு முடித்துவிட்டால் அது பாதி உண்மை. ஃபோன் ரோசென் பிற்காலத்தில் ஜெர்மனியின் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மான் கோரிங்கிற்கு உறவினரானவர். சுவீடனில் நாஜி ஆதரவு வட்டங்களில் நடமாடியவர். குறி முந்தியது என்பது உண்மை. அதைக் கொடுத்தவர் பின்னாளில் சென்ற பாதையும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, “பின்லாந்து ஹிட்லரின் கூட்டாளிதானே” என்ற வாதம். 1939–40 குளிர்காலப் போருக்கு இது பொருந்தாது. 1939 ஆகஸ்ட் 23 அன்று சோவியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜெர்மனி சோவியத் பக்கமே சாய்ந்திருந்தது; இத்தாலியிலிருந்து பின்லாந்துக்கு அனுப்பப்பட்ட ஃபியட் விமானங்களைத் தன் மண்ணின் வழியே செல்லவிடாமல் தடுக்கவும் செய்தது. 1941 ஜூனில் தொடங்கிய தொடர்ச்சிப் போரில் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்தது. சர்வாந்தோ அதிலும் பறந்தார். ஆகவே அவர் வாழ்க்கையை முழுவதும் வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. 1940 ஜனவரியில் அவர் காத்தது தன் நாட்டு நகரங்களை. அதை அந்தந்த ஆண்டின் கணக்கில் வைத்துத்தான் எடைபோட முடியும்.

ஜனவரி 16

ஆறு விமானங்கள் என்றால் பதினெட்டு மனிதர்கள். டிபி-3 ஒன்றில் மூவர். இந்த இழையில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனவே நானே எழுதுகிறேன். அவர்கள் குவோப்பியோவில் மக்கள் வாழும் நகரத்தின் மீது குண்டு போட்டுவிட்டு வந்தவர்கள். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காவல் விமானம் இல்லாமல், போன வழியே திரும்பும்படி அவர்களை அனுப்பியது அவர்கள் முடிவு அன்று. பின்னால் தொடர்ந்த விமானத்தை அத்தனை அருகில் பார்த்துக்கொண்டே துப்பாக்கியைப் பிடித்திருந்த அந்த வால்பக்கச் சுடுநர்களில் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்தான் என்று நினைக்கிறேன். நான்கு நிமிடத்தைச் சாகசக் காணொளியாக மட்டும் பார்ப்பது எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி 19

“மொத்தம் எத்தனை? ஒரு இடத்தில் 17, இன்னொரு இடத்தில் 16 சொச்சம்.”

இரண்டும் ஒரே கணக்கின் இரு வடிவங்கள். ஒரு விமானத்தை இருவரோ மூவரோ சேர்ந்து வீழ்த்தினால் பின்லாந்தில் அதைப் பங்கிட்டு எழுதுவார்கள். அரை, மூன்றில் ஒன்று என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஏறும். குளிர்காலப் போரில் சர்வாந்தோவின் கணக்கு 12 முழுமையும் ஆறில் ஐந்து பங்கும். புழக்கத்தில் 13 என்பார்கள். அந்தப் போரில் வேறெந்தப் பின்லாந்து விமானியும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. தொடர்ச்சிப் போரில் அமெரிக்கத் தயாரிப்பான பிரூஸ்டர் விமானத்தில் பறந்து இன்னும் 4. ஆக 16 முழுமையும் ஆறில் ஐந்தும்.

பங்கிட்டு எழுதும் இந்த வழக்கமே முதற்கேள்வியில் எழுப்பப்பட்ட பிரசார ஐயத்துக்கு இன்னொரு பதில். வீரனை ஊதிப் பெரிதாக்க நினைக்கும் அமைப்பு பின்னக் கணக்கில் நேரத்தைச் செலவிடாது. இழப்பையும் அப்படியே எழுதினார்கள்: 24-ஆம் ஸ்குவாட்ரன் குளிர்காலப் போரில் ஏறத்தாழ 120 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு; தன் பக்கம் இழந்தது பன்னிரண்டு அளவில்.

ஜனவரி 22

இல்மாரி யூட்டிலைனென் 94 விமானங்களை வீழ்த்தினார், அவரை விட்டுவிட்டு 17 வீழ்த்தியவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒரு நண்பர் கேட்கிறார். யூட்டிலைனெனும் இதே ஸ்குவாட்ரனில், இதே ஃபோக்கரில்தான் தொடங்கினார். அவருடைய பெரும்பாலான வெற்றிகள் 1941-க்குப் பிறகு, முதலில் பிரூஸ்டரிலும் பிறகு ஜெர்மன் தயாரிப்பான மெசர்ஷ்மிட்டிலும் கிடைத்தவை. அப்போது பின்லாந்து விமானப்படை ஓரளவு சோதிக்கப்பட்ட படை. 1939 டிசம்பரில் அது சோதிக்கப்படாத படை. உட்டியில் கற்பித்த இணை முறையும் நெருங்கிச் சுடும் முறையும் உண்மையான எதிரியிடம் பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது. முதல் நாட்களில் எய்னோ லூக்கனென் போன்றோர் பெற்ற ஒற்றை வெற்றிகள் நம்பிக்கை தந்தன. சர்வாந்தோவின் நான்கு நிமிடம் அந்த நம்பிக்கையைப் படை முழுவதற்கும், பிறகு பத்திரிகை வழியாக நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. தொடக்க நாட்களின் விமானி என்று அவரைத் தனியே வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுவே. எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துவது இந்த இடத்தில் உதவாது.

ஜனவரி 23

மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் தரைப்படை வீரரான சிமோ ஹாய்ஹாவோடு ஒப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இருவரும் ஒரே போரின் மனிதர்கள். அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. ஹாய்ஹாவின் ஆயுதம் பொறுமை. சர்வாந்தோவுக்குப் பொறுமைக்கு நேரமே இருக்கவில்லை.

ஜனவரி 27

போருக்குப் பிறகு என்ன ஆனார் என்ற கேள்விக்குக் கடைசியாக வருகிறேன். அவர் விமானப்படையிலேயே தொடர்ந்தார். 1950-களில் லண்டனில் பின்லாந்துத் தூதரகத்தின் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். 1963 அக்டோபர் 16 அன்று, 51 வயதில், காலமானார். மாக்னுசன் 1990-கள் வரை வாழ்ந்தார், யூட்டிலைனெனும் அப்படியே. அந்தத் தலைமுறையின் பலர் நரைத்த தலையோடு அருங்காட்சியகங்களுக்கு வந்து இளைஞர்களிடம் பேசினார்கள். சர்வாந்தோவுக்கு அந்த முதுமை கிடைக்கவில்லை. கேள்விகளெல்லாம் பிற்காலத்தில் எழுந்தன. பதில் சொல்ல அவர் இல்லை. நம்மைப் போன்றவர்கள் இன்று வரைபடத்தையும் கடிகாரத்தையும் சூரியனின் உயரத்தையும் வைத்துப் பதில் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 28

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, “அவருக்கு மன்னர்ஹைம் சிலுவை ஏன் கொடுக்கவில்லை, ஏதாவது அரசியலா?” என்று ஒருவர் பின்லாந்தின் அந்த ராணுவ வீர விருதைப் பற்றிக் கேட்டார். அந்த விருது ஏற்படுத்தப்பட்டதே 1940 டிசம்பர் 16 அன்றுதான். குளிர்காலப் போர் அதே ஆண்டு மார்ச் 13 அன்று முடிந்துவிட்டது. பிறகு அதைப் பெற்ற விமானிகளில் பெரும்பாலோர் தொடர்ச்சிப் போரில் நீண்ட காலம் களத்தில் நின்றவர்கள். தளபதி மாக்னுசனுக்கே 1944 ஜூனில்தான் கிடைத்தது. சர்வாந்தோவின் பெரிய நாள் விருது பிறப்பதற்குப் பதினோரு மாதம் முன்பே கடந்துவிட்டது. சூழ்ச்சியை இதில் தேடுவதற்கு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.